பாதியில் விட்ட வேலை

அமெரிக்காவின் பழைய கார் பிரியர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. 1960களின் மஸில் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பிரேக்கை மாற்று, கியர்பாக்ஸை மாற்று, தேவையென்றால் எஞ்சினையே மாற்று, ஆனால் ஓட்டு என்பது மறு கட்சி. இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே காரை வைத்துக்கொண்டு, கையில் காசு சேரும்போதெல்லாம் ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறவர்கள் இந்த இரண்டாம் கட்சியில்தான் அதிகம். அவர்கள் காரைக் காப்பாற்றுகிறார்களா, கெடுக்கிறார்களா என்று தீர்ப்பு எழுதுமுன், 'அசல்' என்று முதல் கட்சி கொண்டாடும் பொருள் எப்படி உருவானது என்று பார்த்துவிட வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய எஞ்சின் கூடாது. பான்டியாக் பிரிவின் பொறியாளர்கள் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ மூவரும், பெரிய காருக்கென்று இருந்த 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் இறக்கிப் பார்த்தார்கள். உட்கார்ந்தது. புது மாடல் என்று சொன்னால் தலைமையகம் தடுத்துவிடும். ஆகவே, வாங்குகிறவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி என்று சொல்லி 1964ஆம் ஆண்டு மாடலில் விற்பனைக்கு விட்டார்கள். அதுதான் ஜி.டி.ஓ. முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் போயின. எஞ்சினின் திறன் 325 குதிரைத்திறன். பிரேக்கோ, சாதாரண டெம்பெஸ்ட்டுக்கு வைத்த அதே 9.5 அங்குல டிரம், நான்கு சக்கரத்துக்கும். அந்தக் காலத்துச் சோதனை ஓட்டுநர்களே அதைக் குறை சொன்னார்கள்.

மஸில் கார் என்ற இனமே இப்படி ஒரு மாற்று வேலையாகத்தான் பிறந்தது. பெரிய எஞ்சினை எடுத்துச் சின்னக் காரில் வைத்தார்கள். எஞ்சினுக்கு ஈடுகொடுக்க வேண்டிய மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். விலை குறைவாக இருந்ததற்கும், இளைஞர்கள் வாங்க முடிந்ததற்கும் அதுவே காரணம். ஆகவே பிற்காலத்தில் ஒருவர் தன் வீட்டு கராஜில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டும்போது, அவர் ஒரு முழுமையைக் குலைக்கவில்லை. தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையைத் தொடர்கிறார். இந்த வழக்கத்துக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான்.

அசலின் பெருமையில் கொஞ்சம் காற்றும் கலந்திருக்கிறது. 1972க்கு முன் அமெரிக்க நிறுவனங்கள் சொன்ன குதிரைத்திறன், எஞ்சினைத் தனியே தாங்கியில் ஏற்றி, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் அளந்த கணக்கு. காரில் பூட்டியபின் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறையும். 1997இல் கார்வெட் காரில் வந்த அலுமினிய எல்.எஸ்.1 எஞ்சினின் 345 குதிரைத்திறனோ எல்லாத் துணைப் பாகங்களோடும் அளந்தது. பழைய காரில் எல்.எஸ். எஞ்சினை இறக்குவது இவ்வளவு பரவியதற்கு இந்த வித்தியாசமே முக்கியக் காரணம். எடை குறைவு, எரிபொருள் மிச்சம், குளிர்காலக் காலையில் சாவி திருப்பியதும் உயிர்பெறும் குணம் எல்லாம் கூடவே வருகின்றன. எந்தக் காரின் மூடியைத் திறந்தாலும் அதே எஞ்சின் தெரிகிறது என்ற சலிப்பும் வருகிறது. பான்டியாக்கையும் ஓல்ட்ஸ்மொபிலையும் தனித்துக் காட்டிய எஞ்சின்கள் பட்டறை மூலைக்குப் போய்விட்டன.

ஆனால் தொழிற்சாலை விட்ட வேலையைத் தொடர்வது என்றால் எங்கே தொடங்குவது? பெரும்பாலோர் தவறான முனையில் தொடங்குகிறார்கள் என்பது என் கருத்து. ஃபோர்டின் 1966 மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். கறாராகப் பார்த்தால் அதை மஸில் கார் என்று சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் இந்த வழக்கத்தின் பாடநூல் அதுதான். 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினோடு, 120 குதிரைத்திறனோடு வந்த மலிவு மஸ்டாங்குக்கு வி8 எஞ்சின் போட வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வருகிறது. எஞ்சின் உள்ளே போய்விடும். பின் ஆக்சில் தாங்காது, ஏனென்றால் ஆறு சிலிண்டர் காருக்குச் சிறிய ஆக்சில். வி8 காருக்கு வேறு. ஆக்சிலை மாற்றினால் அதில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட். முன்பக்கம் நான்கே போல்ட். எனவே முன்பக்க ஸ்பிண்டிலும் மாற வேண்டும். அதோடு 9 அங்குல டிரம் போய் 10 அங்குலமாவது வர வேண்டும், ஸ்டீயரிங் இணைப்புகள் மாற வேண்டும், கனத்தைத் தாங்க முன் ஸ்பிரிங் மாற வேண்டும், ரேடியேட்டரும் மாற வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி பிரேக்கிலும் ஆக்சிலிலும் தொடங்கினால், ஒவ்வொரு கட்டத்திலும் கார் ஓட்டக்கூடிய நிலையிலேயே இருக்கும். எஞ்சினில் தொடங்கினால் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் அது ஆபத்தான கார். அல்லது தார்ப்பாய் போர்த்திய கார்.

இதே மஸ்டாங்கில்தான் இந்தக் கலையின் மிக அழகான வேலையும் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும், வெளிச்சக்கரமும் அதோடு சாய்ந்து, டயர் தன் விளிம்பில் நிற்கும், பிடிமானம் போகும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த தீர்வு, முன் சஸ்பென்ஷனின் மேல் கையைப் பிடித்திருக்கும் இடத்தை ஒரு அங்குலம் கீழே இறக்குவது. மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்த கேரல் ஷெல்பியின் 1965 ஜி.டி.350 கார்களில் அது வந்தது. வீட்டில் செய்ய இரு பக்கமும் சேர்த்து நான்கு துளை போட்டால் போதும். பிறகு சக்கர அலைன்மென்ட். புதுப் பாகம் எதுவும் வேண்டாம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஓட்டுகிறவருக்கு வேறு கார். பளபளக்கும் 18 அங்குல அலாய் சக்கரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது. ஆனாலும் சக்கரம்தான் முதலில் வருகிறது, அது புகைப்படத்தில் தெரியும் என்பதால்.

புகைப்படத்தில் தெரியாதவை இன்னும் பல. அந்த மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னாலிருந்து வேகமாக மோதினால் பெட்ரோலுக்கும் பயணிகளுக்கும் இடையே பின்சீட்டைத் தவிர உருப்படியான தடுப்பு இல்லை. 1966 வரை பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கர பிரேக்கும் சேர்ந்து போகும். 1967இலிருந்துதான் இரண்டு அறை. இடுப்புக்கு மட்டும் பெல்ட். இவற்றையெல்லாம் அசல் என்று காப்பவரை என்னால் மதிக்க முடியவில்லை. அதே அளவுக்கு, 400 குதிரைத்திறன் ஏற்றிவிட்டு இவற்றைத் தொடாமல் விடுகிறவரையும்.

இனி, பல ஆண்டுகள் என்ற அம்சத்துக்கு வருகிறேன். இந்த வழக்கத்தின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் எவ்வளவு கஞ்சத்தனம் இருந்தாலும், காரை முழுதாக ஒரு குழு பார்த்தது. ஸ்பிரிங், டயர், பிரேக் எல்லாம் ஒன்றையொன்று கணக்கில் எடுத்துக்கொண்டன. கராஜில் அப்படி இல்லை. ஒருகாலத்தில் வாங்கிய கேம்ஷாஃப்ட், பத்து ஆண்டு கழித்து வாங்கிய பிரேக் பூஸ்டர், அதற்கும் பிறகு வந்த எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல சரக்குதான்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் பந்தய கேம்ஷாஃப்ட் போட்டால், சும்மா நிற்கும்போது எஞ்சின் ‘தடக், தடக்’ என்று உறுமும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அதே கேம்ஷாஃப்ட், எஞ்சினின் உள்ளிழுப்பில் கிடைக்கும் வெற்றிடத்தைக் குறைத்துவிடும். பிரேக் பூஸ்டர் வேலை செய்வதோ அந்த வெற்றிடத்தை நம்பி. ஆக, உறுமல் கூடும்போது பிரேக் மிதி கல்லாகிறது. அதைச் சரிசெய்யத் தனி வாக்குவம் பம்ப் வரும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். பெரிய ஆல்டர்னேட்டர் வரும். அறுபதுகளின் கிரைஸ்லர் கார்களில் பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் எல்லாம் டாஷ்போர்டில் இருக்கும் அம்மீட்டர் வழியாகச் சுற்றி வருகிறது. ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கி வயரை அப்படியே விட்டால், தடுப்புத் தகட்டில் இருக்கும் கனெக்டர் சூடாகி உருகும். உறுமலுக்கு ஆசைப்பட்டதில் தொடங்கியது வயரிங் தீயில் முடியலாம். இந்தச் சங்கிலியின் ஒரு முனையையும் மறுமுனையையும் மாற்றியவர் ஒரே ஆள். நடுவில் பதினைந்து ஆண்டு என்பதால் அவருக்கே தொடர்பு தெரிவதில்லை. கார் கைமாறிவிட்டால் அடுத்தவர் பாடு அதைவிட மோசம். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விடை இருக்காது.

இதிலிருந்து தப்பியவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1969 கமாரோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, பழைய உடலில் இன்றைய ஸ்போர்ட்ஸ் காரின் ஓட்டத்தைக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர் மார்க் ஸ்டீலோ. அவர் ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளர். காரை முழுதாகப் பார்ப்பதே அவருக்குத் தொழில். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்க வேண்டும். பலரிடம் அதுவும் இல்லை. பெரும்பணம் கொடுத்து ஒரே மூச்சில் கட்டவைக்கும், பழைய உடலில் புதுப் பாகங்கள் ஏற்றிய ‘ரெஸ்டோமாட்’ கார்கள் இந்த ஒரு விஷயத்தில், மெதுவாகச் செய்கிறவரின் காரைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சொந்தக் கையால் செய்த பெருமை பிரேக் பிடிக்காது.

காலம் சும்மா இருந்தாலும் பழைய கார் அப்படியே இருக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996 முதல் சட்டப்படி இல்லை. அதை நம்பிச் செய்த வால்வு இருக்கைகள் கடும் ஓட்டத்தில் தேயும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். ஓட்டுகிற கார் என்றால் எதையாவது மாற்றியே ஆக வேண்டும். மாற்றவே கூடாது என்பது ஓட்டக் கூடாது என்பதில்தான் போய் முடியும்.

அதற்கும் ஒரு நியாயம் உண்டு. ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி, சில ஆண்டுகள் வீட்டு வண்டியாக ஓட்டி, பிறகு நிறுத்திவைத்தது. படப்பிடிப்புக்காகப் போட்ட துளைகளும் அடிபட்ட தழும்புகளும் அப்படியே இருந்தன. 2020இல் அது 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதற்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் அது குற்றம். எதிர்முனையில் ‘ப்ராஜெக்ட் எக்ஸ்’. ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ பத்திரிகை 1965இல் 250 டாலருக்கு வாங்கிய 1957 ஷெவர்லே. புதுப் பாகங்களைப் பரிசோதிக்கவென்றே அதைப் பத்தாண்டு பத்தாண்டாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். எத்தனையோ எஞ்சின்கள் ஏறி இறங்கின. 2021இல் மின்சார மோட்டாரும் வந்துவிட்டது. அந்தக் காரின் அடையாளமே மாறிக்கொண்டிருப்பதுதான். இந்த இரண்டையும் காட்டி இரு கட்சிகளும் வாதாடுகின்றன. இரண்டுமே விதிவிலக்குகள். ஊரில் இருக்கும் கார்களில் எதற்கும் மக்வீன் ஓட்டிய கதையும் இல்லை, பத்திரிகையின் பட்டறையும் இல்லை.

சாதாரணக் கார்களுக்கு நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆறு சிலிண்டர் மஸ்டாங்கும், டெம்பெஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண லெமான்ஸும்தான் அன்று தெருவில் நிறைய ஓடியவை. அவற்றைத்தான் எல்லாரும் பிடித்து வி8 ஆக்குகிறார்கள், ஜி.டி.ஓ. ஆக்குகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தலைமையகத்தின் கண்ணில் படாமலிருக்க ஜி.டி.ஓ.வைக் கூடுதல் வசதி என்று விற்றார்கள் அல்லவா? அதனால் 1964, 65 கார்களின் அடையாள எண்ணில் அது ஜி.டி.ஓ. என்பதற்கு எந்தக் குறியும் கிடையாது. தனி எண்வரிசை 1966இல்தான் வந்தது. சாதாரண லெமான்ஸுக்கு 389 எஞ்சினும் சின்னங்களும் பூட்டி அசல் என்று விற்கிறவருக்குத் தொழிற்சாலையே வழி திறந்து வைத்திருக்கிறது. வாங்குகிறவர் பழைய ஆவணங்களைத் தேடி அலைகிறார். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு அசல் லெமான்ஸ் குறைகிறது. அதற்காக யாரும் வருந்துவதாகத் தெரியவில்லை.

திருப்பிக் கழற்ற முடிகிற மாற்றம், முடியாத மாற்றம் என்ற கோட்டை நான் இங்கேதான் கிழிப்பேன். பிற்கால மஸ்டாங்கின் ஐந்து வேக கியர்பாக்ஸ் பழைய காரில் போல்ட் முடுக்கி ஏறும், போல்ட் கழற்றி இறங்கும். டிஸ்க் பிரேக்கும் அப்படியே. இழந்தது எதுவும் இல்லை, பழைய பாகங்களை அலமாரியில் வைத்திருந்தால். 2011இல் வந்த கயோட்டி எஞ்சின் அப்படியல்ல. அது அகலமானது, அதை 1966 மஸ்டாங்கில் இறக்க, முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் கோபுரங்களை அறுத்தெறிய வேண்டும். துரு ஏறாத, ஒரு வீட்டில் ஒழுங்காக வாழ்ந்த ஆறு சிலிண்டர் காரின்மேல் அந்த ரம்பம் படுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. துரு தின்று தரை ஓட்டையாகிப்போன கார்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அறுக்கிறவர் அவற்றை அறுக்கட்டும். அதுவும் வேண்டாம், தோற்றம் மட்டும் பழையதாக இருந்தால் போதும் என்பவருக்கு டைனாகார்ன் நிறுவனம் 1967 மஸ்டாங், 1969 கமாரோ உடல்களைப் புது இரும்பில் அடித்துத் தருகிறது. எஞ்சினுக்கும் புது முன்பக்க அமைப்புக்கும் அவ்வளவு செலவழிக்கத் துணிந்தவருக்கு அந்த உடலின் விலையும் எட்டாததில்லை.