தோற்குங் கட்சிக்கு ஒரு நாவலர்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மாணவர்க்குச் சொற்போர் பயிற்றும் தமிழாசிரியர் எவரும் அறிந்த இடர்ப்பாடு ஒன்றுண்டு. கல்வியா செல்வமா என்று தலைப்புக் கொடுத்தால், கல்வியின் பக்கம் பேசப் பத்துப்பேர் முந்துவர். செல்வத்தின் பக்கம் பேச ஒருவரும் எழார். தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பது அவையின் கடைசி வரிசையில் இருக்கும் சிறுவனுக்கும் முன்னரே தெரியும். ஆயினும் செல்வத்தின் பக்கம் வலிமையாக வாதிட ஒருவர் இல்லையேல், கல்வியின் வெற்றி சுவையற்றுப் போகும். தோற்குமெனத் தெரிந்த கட்சியை விரும்பி ஏற்று, அதனைத் தன் சொல்லால் நிமிர்த்தி, இறுதியில் தான் வீழ்ந்து எதிரியை உயர்த்துவது ஒரு தனிக் கலை.

இக்கலைக்கு இலக்கணம் காண விழைவோர் நூல்நிலையத்தை விட்டு மற்போர்க் களத்திற்குச் சென்றாலும் தவறில்லை. அமெரிக்க நாட்டின் தொழில்முறை மற்போரில் மானேஜராகவும் வருணனையாளராகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் விளங்கிய பாபி ஹீனன் (1944–2017) இக்கலையின் தலைமகன் எனத் தகும். அவர் எழுதிய காவியம் ஒன்றுமில்லை. அவர் செய்தது பேச்சு. அதுவும் பெரும்பாலும் முன்பின் எண்ண நேரமின்றி எழுந்த பேச்சு. எனினும் நாடகமும் வழக்குரையும் பயில்வோர் ஆராயத்தக்க நுட்பங்கள் அப்பேச்சில் உள.

மலாயாவின் களம்

மலேசிய மண்ணுக்கு மற்போர் புதிதன்று. பஞ்சாபில் பிறந்த தாரா சிங் 1940களின் இறுதியில் சிங்கப்பூர் வந்து, அங்கே மல் பயின்று, பின் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயாவின் வாகையர் என்னும் பெயர் பெற்றார். அவர் பலகால் எதிர்த்துப் பொருதவர் ‘கிங் காங்’ எனப்பட்ட எமில் சாயா. ஐரோப்பாவில் ஹங்கேரியக் குடியிற் பிறந்து சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அவர், 1970இல் கார் விபத்தில் அடிபட்டு மறைந்தார். தாரா சிங்கின் புகழுக்குக் கிங் காங்கின் பேருடலே அளவுகோலாயிற்று. மலையொத்த பகைவன் ஒருவன் வீழ்ந்தாலன்றி வென்றவனின் தோள்வலி காண்பார்க்குப் புலப்படாது. கிங் காங் உடலாற் செய்த அப்பணியை ஹீனன் நாவாற் செய்தார்.

இங்கே ஐயம் ஒன்று எழக்கூடும். தொழில்முறை மற்போரின் முடிவு முன்கூட்டியே வகுக்கப்படுவது. அஃது உலகறிந்த செய்தி. வகுத்த முடிவுக்கு வாதம் எதற்கு? தெருக்கூத்துக் கண்டவர்க்கு இவ்வையம் எழாது. பதினெட்டாம் நாள் துரியோதனன் மாள்வான் என்பதை அறியாமலா ஊரார் விடியவிடிய விழித்திருந்தனர்? அவ்வேடம் புனைபவன் அடவிலும் குரலிலும் தளர்ந்தவனாயின், வீமனின் கதாயுதத்திற்கு வேலையில்லை. முடிவு தெரிந்த கதையிலே சுவை என்பது முடிவை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது.

மானேஜர் என்னும் பாத்திரம்

ஹீனன் சிக்காகோ நகரத்தவர். இளமையிலேயே வறுமை காரணமாகப் பள்ளியை விட்டு, தாயையும் பாட்டியையும் காக்க உழைத்தவர். மற்போர் நடக்கும் அரங்கில் தின்பண்டம் விற்றும், மல்லர்களின் மேலங்கிகளைச் சுமந்தும் அத்தொழிலின் உள்ளறைக்குள் நுழைந்தார். 1965இல் மானேஜராகக் களமேறினார். 1970களில் நிக் பாக்விங்கல் என்னும் வாகையர்க்குத் துணைநின்று பெயர் பெற்றார். 1984இல் உலக மற்போர்க் கூட்டமைப்பிற் சேர்ந்தபின் அவர் புகழ் நாடு கடந்தது.

களத்து மானேஜர் என்பவர் கணக்கெழுதும் மேலாளர் அல்லர். தம் மல்லனுக்காகப் பேசுபவர், நடுவரின் கண்ணை மறைப்பவர், களத்தின் ஓரத்தில் நின்று சூழ்ச்சி கற்பிப்பவர். பாரதக் கதையில் சராசந்தனோடு வீமன் மற்போரிட்டுச் சலித்த வேளை, கண்ணன் துரும்பொன்றைக் கிழித்து மாற்றிப் போட்டு வெல்லும் வழியைக் குறிப்பாற் காட்டினான் என்பர். அச்செயல் மானேஜரின் செயலே. கண்ணன் வெல்லும் கட்சியில் நின்றான். ஹீனன் எப்போதும் மக்கள் வெறுக்கும் கட்சியில் நின்றார். வேறுபாடு அவ்வளவே.

அவர் தம்மை ‘மூளை’ என்று அழைத்துக்கொண்டார். அவையினரோ ‘மரநாய்’ என்று கூவினர். அக்கூச்சல் எழுந்தவுடன் அவர் செவியைப் பொத்திக்கொண்டு துள்ளுவார். துள்ளத் துள்ளக் கூச்சல் வளரும். ஆயிரவரைத் தம் கூத்தில் உடன் நடிகராக்கும் திறம் இது. ஆணவம் உயர்ந்து நிற்கும்வரை பேச்சு. அடி விழும் நேரத்தில் அச்சமும் ஓட்டமும். வீரன் ஒருவன் பெறும் கைதட்டலில் சரிபாதி, ஓடுபவனின் ஓட்டத்திலிருந்து வருவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதற்குத் தலைசிறந்த சான்று 1987 மார்ச்சு 29இல் பாண்டியாக் நகரில் நடந்த ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயண்ட் போட்டி. ஆந்த்ரே பல்லாண்டுகளாக மக்கள் அன்பைப் பெற்றிருந்த பேருருவினர். அந்நாளில் முதுகில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு நோயுற்றிருந்தார். அன்புக்குரிய ஒருவரைப் பகைவராகக் காட்டும் கடமையை ஹீனன் ஏற்றார். ஆந்த்ரே குறைவாகப் பேசி நின்றார். அருகில் ஹீனன் நிறையப் பேசினார். அம்மௌனம் மலையாயிற்று. 93,173 பேர் கூடியதாக அன்று அறிவிக்கப்பட்டது. அவ்வெண் மிகை என்பாரும் உளர். எண் எதுவாயினும், ஹோகன் அம்மலையைத் தூக்கி எறிந்தபோது எழுந்த ஆரவாரம் ஹீனன் பல வாரங்களாக விதைத்த சொல்லின் விளைச்சல்.

ஆமூரில் இருவர்

மானேஜர் தொழிலோடு வருணனையும் செய்யத் தொடங்கிய ஹீனன், கொரில்லா மான்சூன் என்னும் முன்னாள் மல்லரோடு இணைந்து அமர்ந்தார். இவ்விணையின் அழகை விளக்கப் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாடல்கள் துணை செய்யும். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடினர். சாத்தந்தையார் பிடியைப் பாடுகிறார்: ஒரு கால் மார்பில் ஊன்றியது, மறுகால் பகைவன் செய்த சூழ்ச்சியை விலக்கி முதுகில் வளைந்தது என உறுப்புறுப்பாகக் காட்டுகிறார். நக்கண்ணையாரோ பனையின் அடியிற் சாய்ந்து நின்று காண்கிறார். வெற்றி அவனுக்கே என ஒரு சாராரும், அன்று என மற்றொரு சாராரும் கூறும் ஊரிலே, அவர் நெஞ்சம் முன்னரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிடியைச் சொல்லும் கண்ணும், பக்கம் சாய்ந்த நெஞ்சும் சேர்ந்தபோதுதான் ஆமூர்க் களம் முழுமையாகிறது.

மான்சூன் சாத்தந்தையார் மரபினர். எலும்பின் பெயரும் நரம்பின் பெயரும் சொல்லிப் பிடியை விளக்குவார். நேர்மையின் பக்கம் நிற்பார். ஹீனன் வெளிப்படையாகப் பக்கம் சாய்ந்தவர். நக்கண்ணையாரின் சாய்வு காதலால் வந்தது. ஹீனனின் சாய்வு தன்னலத்தால் வந்ததாக நடிக்கப்பட்டது. 1992 சனவரியில் முப்பது மல்லர் மோதிய போட்டியில், மூன்றாமவராக நுழைந்த ரிக் ப்ளேர் ஏறத்தாழ ஒருமணி நேரம் நின்று வென்றார். ஹீனன் அவர் கட்சி. ஸ்காத்லாந்துக் கச்சையணிந்த ராடி பைப்பர் ப்ளேரை அடித்தபோது, பாவாடை கட்டியவன் என்று ஹீனன் ஏசினார். அதே பைப்பர் எதிர்பாராது ப்ளேரைக் காத்தபோது, அது பாவாடையன்று, கச்சையே என்று வாழ்த்தினார். அடுத்த நொடியில் பைப்பர் மீண்டும் அடிக்க, கச்சை மறுபடியும் பாவாடையாயிற்று. ஆடை ஒன்றே, பேசுபவரின் ஆதாயத்திற்கேற்பப் பெயர் மாறியது. அரசியல் மேடைகளில் நாள்தோறும் நிகழும் சொற்புரட்டை இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது. ஒரு மணி நேரமும் அவர் அஞ்சி, கெஞ்சி, மகிழ்ந்து உருகியதாலேயே ப்ளேரின் வெற்றி பெருவெற்றி எனத் தோன்றியது.

குறைகள்

நகைச்சுவைக்குத் தொல்காப்பியர் காட்டும் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் உள. ஹீனன் பேதைமையைத் தம்மேல் ஏற்றிக்கொண்டபோது உயர்ந்தார். எள்ளலைப் பிறர்மேல் எறிந்தபோது பலமுறை தாழ்ந்தார். மெக்சிக்க மரபினரான டிட்டோ சந்தானாவை அவருக்குரிய பெயரால் அழையாது, இழிவான பெயரிட்டு, அவர் இனத்தாரை நகையாடினார். பாத்திரம் தீயவன், ஆதலின் பேச்சும் தீயது எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதம் முழுதும் நிற்காது. தற்பெருமை பேசிய பாத்திரத்திற்குக் களத்தில் அடி விழுந்தது. இனத்தைப் பழித்த சொல்லுக்கு எவ்வடியும் விழவில்லை, சிரிப்பே விழுந்தது. பல இனத்தார் ஒரே தெருவில் வாழும் நாட்டின் மாணவர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

மற்றொரு குறை 1996 சூலையில் நேர்ந்தது. அந்நாளில் அவர் போட்டி நிறுவனமான டபிள்யூ. சி. டபிள்யூ.வில் வருணனை செய்துவந்தார். வெளியார் இருவர் அந்நிறுவன மல்லரைத் தாக்குகையில் ஹோகன் களம் நோக்கி வந்தார். காப்பதற்கே வருகிறார் என அவையோர் மகிழ்ந்த நேரத்தில், ஹோகன் எந்தப் பக்கம் என்று ஹீனன் வினவினார். சில நொடிகளில் ஹோகன் பகைவரோடு சேர்ந்தார். வினா முடிச்சை முன்னரே அவிழ்த்துவிட்டது என்பது பலர் கூறும் குற்றம். ஆனால் 1984 முதல் ஹோகனை நம்பாத பாத்திரம் அன்று மட்டும் நம்பியிருந்தால் அது பாத்திரக் கேடாகும். கதைக் கட்டுக்கோப்புக்கு வழுவாயினும் பாத்திர இயல்புக்கு அது வழுவன்று என்பதே பொருந்தும் முடிபு.

குரல் அடங்கியபின்

2002இல் அவருக்குத் தொண்டையிற் புற்றுநோய் கண்டது. அடுத்தடுத்த மருத்துவத்தால் முகம் மாறியது. தாடை பழுதுற்றுப் பேச்சுக் குழறியது. நாவொன்றையே கருவியாகக் கொண்டவரிடமிருந்து நாவைப் பறித்தது விதி. 2004இல் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தபோது மெலிந்த உடலோடு மேடையேறிச் சிரிக்க வைத்தார். இறுதியில், ஐந்தாண்டுகட்கு முன் மறைந்த மான்சூன் இங்கே இருந்திருக்கலாகாதா என ஏங்கினார். வாழ்நாளெல்லாம் எதிர்வாதம் செய்தவரின் கடைசி விருப்பம் தம் எதிர்வாதியே. எதிர்க்கட்சியில் நிற்பவன் பகைவனல்லன், தன் சொல்லுக்கு உரைகல் என்பதை இதனினும் தெளிவாக அவர் சொன்னதில்லை.

கோலாலம்பூரை அடுத்த பகுதியில் மற்போர் மறுபடியும் முளைத்துள்ளது. 2014இல் தொடங்கிய மலேசிய மற்போர் அமைப்பில், நோர் டயானா என்னும் முக்காடணிந்த மங்கை 2019இல் ஆடவர் நால்வரை வென்று வாகை சூடினார். அவ்வெற்றியின் அளவை உலகுக்கு உணர்த்தியதில், அன்று எதிர்நின்று வீழ்ந்தவர்க்கும் பங்குண்டு.

தமிழ்ப்பள்ளிச் சொற்போரில் வலிய கட்சியைச் சிறந்த மாணவர்க்கும், மெலிந்த கட்சியை எஞ்சியவர்க்கும் தருவது வழக்கமாக இருக்கிறது. இதனை மாற்றிப் பார்க்கலாம். செல்வத்தின் பக்கம் பேச வகுப்பின் முதல் நாவலரை நிறுத்துக. அவன் தோற்பான், ஆனால் கல்வியின் பக்கம் பேசியவன் அன்றுதான் உண்மையாகவே வென்றிருப்பான்.