வீட்டில் தைத்த தொடர்கதை

கடையில் வாங்கிய நாவலைவிட, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்த தொடர்கதை எனக்கு எப்போதும் ஒருபடி மேல். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னை எத்தனையோ குடும்பங்கள் ஓவியர் மணியத்தின் படங்களோடு இப்படித்தான் காப்பாற்றி வைத்தன.

பாட்டி படித்து முடிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் இதழில் கை வைக்க முடியாது. பிறகு பின்னை நிமிர்த்தி எடுத்து, தாள் கிழியாமல் பிரித்து, வார வரிசையில் அடுக்குவோம். கதை முற்றும் போட்டதும் கோணி ஊசியும் நூலும் வெளியே வரும். மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. மேலட்டைக்குப் பழைய காலண்டர் அட்டை, முதுகுக்கு வேட்டிக் கிழிசல்.

இந்தப் புத்தகத்தின் தனி ருசி கதைக்கு வெளியே இருக்கிறது. அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கம் வேறொரு சிறுகதையின் நடுப்பகுதி, பாதித் துணுக்கு, தைல விளம்பரம். அந்தச் சிறுகதை எப்படி முடிந்திருக்கும் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு முடிவு சொல்வோம். இதழ் தவறிய வாரத்துக்கு ஒரு வெள்ளைத்தாளை வைத்துத் தைத்து, அதில் அம்மா கதைச் சுருக்கத்தை எழுதிவிடுவாள். அவள் கையெழுத்துப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சரஸ்வதி பூஜையன்று பாடப் புத்தகங்களோடு இதற்கும் சந்தனப் பொட்டு உண்டு. இரவல் மட்டும் கிடையாது. வேண்டியவர்கள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம், காபியும் கிடைக்கும்.