முதியோர் பாகுபாட்டு அளவைகளும் ஏதிலியரும்: ஒரு மதிப்பீடு

அகவை காரணமாக மாந்தர் எதிர்கொள்ளும் பாகுபாட்டிற்கு 1969-இல் தனியொரு கலைச்சொல்லை வழங்கியவர் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர். அதனை அளக்க எழுந்த கருவிகளுள் எர்ட்மன் பால்மோர் 2001-இல் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட வினாநிரல் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு கூற்றுக்கும் 'ஒருபோதுமில்லை', 'ஒருமுறை', 'ஒருமுறைக்கு மேல்' என்பவற்றுள் ஒன்றை முதியோரே தேர்வர். பிறர் மனப்பான்மையை ஆராயாது, பட்டவர் வாய்மொழியையே சான்றாகக் கொண்டமை இதன் சிறப்பாகும்.

ஆயினும், இக்கருவியை ஏதிலியரிடையே அப்படியே பயன்படுத்துதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. முதுமையைக் கேலி செய்யும் பிறந்தநாள் வாழ்த்தட்டை, கடன் பெறுவதில் இடர்ப்பாடு, வாடகை வீடு மறுக்கப்படுதல் போன்றவை இதில் இடம்பெறுகின்றன. மலேசியா, 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இணையாத நாடு. இங்கு வாழும் ஏதிலி மூதாட்டி ஒருவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நிலையிலேயே இல்லை எனக் கொள்வோம். அவர் 'ஒருபோதுமில்லை' என்றே விடையளிப்பார். ஏட்டில் சுழியம் பதிவாகும். பாகுபாடு நிகழாமையும் வாய்ப்பே இல்லாமையும் இவ்வாறு ஒரே எண்ணாகிவிடுகின்றன.

மேலும், பல கூற்றுகள் 'என் அகவையின் காரணமாக' என்னும் தொடரைக் கொண்டுள்ளன. வேலை மறுக்கப்பட்டவர், அதற்குக் காரணம் அகவையா, ஆவணமின்மையா, மொழியா, பெண்ணாயிருத்தலா என எங்ஙனம் பிரித்தறிவார்? 1997-இல் டேவிட் வில்லியம்சும் பிறரும் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவை, நிகழ்வை முதலிலும் காரணத்தைப் பின்னரும் வினவுகிறது. இம்முறையே இவ்விடத்தில் ஏற்புடையது.

மொழிபெயர்ப்பிலும் சிக்கல் உண்டு. முன்பின் அறியாதவர் 'பாட்டி' என விளிப்பது நம் வழக்கில் உறவுரிமை. 'உங்களுக்கேன் சிரமம், உட்காருங்கள்' என்பதோ இடத்திற்கேற்ப மதிப்பாகவும் அமையும், ஒதுக்கலாகவும் அமையும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ் வினாநிரல் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

எனவே, 'எனக்குப் பொருந்தாது' என்னும் விடையைத் தனியே சேர்த்தல், ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் குறிக்க இடமளித்தல், வினாக்களை வகுக்குமுன் ஏதிலி முதியோரிடம் உரையாடுதல் ஆகிய மூன்றையும் வலியுறுத்துகிறோம். குறைந்த மதிப்பெண்ணைக் குறைந்த துன்பமெனக் கொண்டு நலத்திட்டங்கள் வகுக்கப்படின், மிகுதியாக ஒதுக்கப்பட்டோரே அவற்றிலிருந்து விடுபடுவர் என்பது நம் துணிபு.