கல்லின் மட்டமும் கத்தியின் வாயும்

என் தாத்தாவின் அடைப்பத்தில், அதாவது நாவிதர் பையில், மூன்று பொருள்களை வேறு யாரும் தொடக்கூடாது: சவரக்கத்தி, தோல்வார், நாலு விரல் அகலம்கூட இல்லாத ஒரு சாணைக்கல். அவ்வப்போது கிணற்றடித் துவைகல்லில் நைசான மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, அந்தக் கல்லைக் குப்புறப் போட்டுத் தேய்ப்பார். ஒரே வாட்டில் தேய்க்க மாட்டார். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை கல்லைத் திருப்பிப் பிடிப்பார். ஏன் தேய்க்கிறீர்கள் என்று கேட்டால், கத்தி நடுவில் தொடவில்லை என்பார். அந்தப் பதிலின் முழுப்பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

இந்த மலரைப் படிக்கும் தொழிலாளத் தோழர்களில் பெரும்பாலோர் இன்று பாதி பிளேடு செருகும் கத்தியைத்தான் கையாள்கிறீர்கள். எய்ட்ஸ் அச்சம் பரவிய காலத்தில், ஓர் ஆளுக்கு ஒரு பிளேடு என்பது நம் தொழிலின் ஒழுக்கமாயிற்று. சரியான முடிவு அது. ஆனால் அதோடு சேர்ந்து தீட்டும் அறிவும் கைமாறாமல் நின்றுவிட்டது. கல்லை மட்டமாக வைத்திருப்பதில் உலகத்தில் எத்தனை மரபுகள் உண்டு, எது எதற்குப் பொருந்தும் என்பதை நம் தொழிலின் கண்ணால் ஒருமுறை பார்த்து எழுதிவைக்க விரும்புகிறேன்.

சமையல் கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கை முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலை முதுகுடையது. முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படிந்து ஓடும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தாமே நிறுத்திவிடும். பெரும்பாலும் 16, 17 பாகையை ஒட்டி வரும். கை திருத்துவதற்கு இடமே இல்லை. கல்லுக்கு என்ன வடிவமோ அதைக் கத்தி அப்படியே வாங்கிக்கொள்ளும்.

கல் எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும்? இதைக் கேட்பதற்கு முன் எந்த வாட்டில் என்று கேட்க வேண்டும். 20 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். நீளவாட்டில் நடுவே 0.1 மி.மீ. குழி விழுந்திருக்கிறது. ஓர் எழுதுதாளின் கனம் அது. கத்தியின் முதுகுக்கும் வாய்க்கும் இடைவெளி சுமார் 16 மி.மீ. அந்த நீண்ட வளைவில் 16 மி.மீ. துண்டை மட்டும் கணக்கிட்டால், குழிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக வருகிறது. கத்திக்கு அது ஒன்றுமே இல்லை. அதே 0.1 மி.மீ. குழி அகலவாட்டில் இருந்தால் கதை வேறு. கத்தியின் வாய் படுத்திருப்பதே அந்த வாட்டில்தான். அடியும் நுனியும் இரு கரைகளில் உட்கார்ந்துகொள்ள, நடுவாய் ஒரு தாள் கன உயரத்தில் கல்லைத் தொடாமல் நிற்கும். குழியின் ஆழம் ஒன்றுதான். விளைவில் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. கத்தி நடுவில் தொடவில்லை என்று தாத்தா சொன்னது இதைத்தான்.

பல காலம் அப்படியே தீட்டினால் அடியும் நுனியும் கரைந்து வாய் வில்லாக வளையும். அகலவாட்டில் கல் மேடாக இருந்தால் நேர்மாறாக நடுவாய் தேய்ந்து உள்வாங்கும். பின்னதுதான் மோசமான கேடு; உள்வாங்கிய வாய் சிரைக்கும்போது தோலில் சரியாகப் படியாது.

மட்டத்தைப் பற்றி மிகக் கறாராகப் பேசுபவர்கள் ஜப்பானியர்கள். கியோத்தோவுக்கு மேற்கே நருதாகி வட்டாரத்து மலைகளில் வெட்டிய ஹொன்யாமா கற்கள் கடைசித் தீட்டலுக்குப் பேர்போனவை. அவற்றின்மேல் மிகாவா நாட்டு நகுரா கல்லைத் தேய்த்து, பால் போன்ற குழம்பு எழுப்பி, அந்தக் குழம்பில் கத்தியை ஓட்டுவார்கள். அங்கே கமிசோரி என்ற சவரக்கத்தி மரபு உண்டென்றாலும், கல் மட்டம் பற்றிய இலக்கணத்தை வகுத்தவர்கள் தச்சர்கள். இழைப்புளி உளியின் பின்புறம் கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும் அவர்களுக்கு. அதற்கென்றே கனபன் என்ற இரும்புத் தட்டு வைத்திருப்பார்கள். கெசுரோகாய் இழைப்புப் போட்டிகளில் 10 மைக்ரானுக்கும் மெல்லிய சீவல் எடுப்பவர்கள் அவர்கள். அந்தத் துல்லியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அகன்ற தட்டையான உளிக்கு எந்த வாட்டிலும் குழி கூடாது. சவரக்கத்திக்கு அப்படி இல்லை. தச்சரின் சட்டத்தை அப்படியே சவரத்துக்குக் கொண்டுவந்ததால்தான் இன்று பலர் வேண்டாத அளவுக்குக் கல்லைத் தேய்த்துக் கரைக்கிறார்கள் என்பது என் எண்ணம். கிங் 1000 போன்ற மென்மையான செயற்கைக் கல்லில் அடிக்கடி மட்டம் பார்ப்பது தேவைதான். நாலைந்து கத்தி தீட்டினாலே அது குழியத் தொடங்கும்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் ஊரைச் சுற்றி வெட்டப்படும் மஞ்சள் நிறக் கோத்திகூல் கல்லுக்கு வேறு தர்மம். அதற்குள் இருப்பவை நுண்ணிய கார்னெட் படிகங்கள். நம் கோமேதகமும் அதே குடும்பம். மஞ்சள் அடுக்கு மெலிந்தது. ஆகவே அதைப் பெரும்பாலும் பலகைக்கல்லில் ஒட்டியே விற்பார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் திரும்பக் கிடைக்காத மஞ்சள் கரைகிறது. அங்கே சிக்கனமே இலக்கணம்: அதே இனத்துச் சிறு கல்லால் லேசாகத் தேய்த்து நிறுத்திக்கொள்வது. ஜெர்மனியின் தூரிங்கியாவிலிருந்து வந்த எஷர் கற்களும் மிக மெதுவாகத் தேய்பவை, பெரும்பாலும் ஒடுங்கலானவை. கல்லின் அகலம் பாதியானால், அதே வளைவில் நடுவே விழும் இடைவெளி கால் பங்காகிவிடும். நாவிதர் கற்கள் குறுகலாக இருந்ததும், அவர்கள் கத்தியைக் கோணலாக இழுத்துத் தீட்டியதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஏற்பாடு.

சரி, மட்டம் என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? இதற்கு விடை தந்தவை எந்திரப் பட்டறைகள். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்று மேடாகவும் மற்றது குழியாகவும் இருக்கலாம். மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி இணைத்து, எந்த இரண்டும் பொருந்துகின்றன என்றால்தான் மூன்றும் சமதளம். பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரை உலோகச் சமதளங்களைச் செய்யும் வழியைப் பற்றியது. தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள்: ஒரே அளவுள்ள இரண்டில் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது மேடாகும். அவர்களுக்கு வேண்டியது அந்தக் குழி; நமக்கு அது வேண்டாம். வீட்டில் இரண்டு கற்களைத் தேய்ப்பவர் மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது கல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறையில், உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடி மிதந்து இறுகுவதால் நம் தேவைக்குப் போதுமான சமதளம் கண்ணாடிக் கடையிலேயே கிடைத்துவிடுகிறது. கனமான ஒரு துண்டின்மேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. தாள் இல்லாமல் கார்போரண்டம் தூளைத் தூவித் தேய்ப்பவர்கள் கவனிக்க: தூள் கண்ணாடியையும் தின்னும். நடுவிலேயே தேய்த்தால் கண்ணாடி குழியும், கல் மேடாகும். டிஎம்டி, அட்டோமா போன்ற வைரத் தட்டுகள் வேகமானவை. ஆனால் சொரசொரப்பான தட்டு, நைசான கல்லில் கீறலை விட்டுப்போகும். அப்படியே தீட்டினால் அந்தக் கல் தன் நயத்தில் வேலை செய்யாது. சிறு கல்லால் மேற்பரப்பை மீண்டும் பதப்படுத்த வேண்டும். விளிம்புகளையும் லேசாக மழுக்க வேண்டும்; கூரான கல்விளிம்பு வாயைச் சிதைக்கும்.

கல்லை வேண்டுமென்றே மெல்லிய மேடாக்கித் தீட்டும் ஒரு பிரிவும் உண்டு. நீளவாட்டு மேட்டால் கெடுதல் இல்லை. அகலவாட்டில் மேடு வைத்தால், கையை உருட்டி ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும் அது ஒத்துவரும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டு, கோடு அழியும்வரை தேய்ப்பது எல்லா மரபுக்கும் பொதுவாகிவிட்ட சோதனை. கோடு அழிந்தால் கல்லும் தட்டும் பொருந்தின என்றுதான் பொருள். தட்டே கோணல் என்றால் கல்லும் கோணல்தான். அதனால் எஃகு ஸ்கேலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, விளக்குக்கு எதிரே பிடித்து, அகலவாட்டில் மூன்று இடங்களிலும் மூலைக்கு மூலையும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். மூலைக்கு மூலை வேறுபட்டால் கல்லில் முறுக்கு இருக்கிறது. முறுக்கும் குழியளவுக்குத் தொல்லைதான்.

தாத்தாவின் கல் இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நீளவாட்டில் நடுவே நன்றாகவே வெளிச்சம் தெரிந்தது. அகலவாட்டில் எங்கே வைத்தாலும் இருட்டு.