‘லார்ட் ஜிம்’ நாவலில் பேசாத பயணிகள்

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கப்பலொன்று ஆங்கில இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றிருக்கிறது. ஜோசப் கான்ராட் 1900-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ‘லார்ட் ஜிம்’ என்னும் நாவலில் வரும் ‘பாட்னா’ என்ற நீராவிக் கப்பலே அது. ஆங்கில இலக்கியம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்நாவலைப் படிக்கின்றனர். ஜிம் என்னும் இளைஞனின் மனச்சான்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வும் பெறுகின்றனர். ஆனால் அக்கப்பலில் இருந்த 800 பயணிகள் கடலில் கழித்த நாட்களைப் பற்றிக் கேட்பாரைக் காண்பது அரிது. அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கதைச் சுருக்கம். கீழ்த்திசைத் துறைமுகம் ஒன்றிலிருந்து துருப்பிடித்த பழைய கப்பலொன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு செங்கடல் நோக்கிச் செல்கிறது. கடல் அமைதியாக இருக்கும் ஓர் இரவில், நீருள் மறைந்திருந்த ஏதோ ஒன்றில் அது மோதுகிறது. முன்னறையில் நீர் நிறைகிறது. அதனைத் தடுத்து நிற்பது இற்றுப்போன இரும்புத் தடுப்பு ஒன்றே. 800 பேருக்கு இருக்கும் படகுகளோ ஏழு. தலைவனும் பொறியாளர்களும் உறங்கும் பயணிகளை விட்டுவிட்டுப் படகில் இறங்குகின்றனர், ஜிம்மும் குதித்துவிடுகிறான். கப்பல் மூழ்கவில்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதனை ஏடனுக்கு இழுத்துவருகிறது. அந்த ஒரு கணத்தின் இழிவைத் துடைக்க ஜிம் வாழ்நாளெல்லாம் முயல்வதே பிற்பகுதிக் கதை.

கான்ராடை இகழ்வது நம் கருத்தன்று. மாலுமியாக வாழ்ந்தவர் அவர். 1887-இல் சிங்கப்பூரில் அரபு வணிகர் ஒருவருக்கு உரிய ‘விதார்’ என்னும் கப்பலில் அலுவல் பார்த்தவர். நம் மக்களைக் கண்ணால் கண்டவர். பயணிகள் கப்பலில் ஏறும் காட்சியை அவர் எழுதியிருக்கும் விதம் நெஞ்சை நெகிழ்விப்பது. நம்பிக்கை ஒன்றே துணையாக முதியோரும் இளையோரும், கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும் வெள்ளம்போல் வந்து நிறைகின்றனர். அவர்களைக் கால்நடைகள் என்று ஏசுபவன் கப்பல் தலைவனேயன்றி ஆசிரியர் அல்லர். அத்தலைவன் எத்தகைய இழிந்தவன் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எனினும் ஏறியவர்கள் கப்பலில் ஏறியதோடு சரி. அதன்பின் அவர்கள் உறங்குகிறார்கள். பாய்களிலும் போர்வைகளிலும் மேல்தளமெங்கும் கிடக்கும் உடல்களாகவே ஆசிரியர் அவர்களைக் காட்டுகிறார். ஆபத்து வந்த இரவில் ஒரே ஒரு பயணி வாய் திறக்கிறார். ஜிம்மின் சட்டையைப் பற்றிக்கொண்டு அவர் கேட்பது தண்ணீர். இவர் கூச்சலிட்டு எல்லோரையும் எழுப்பிவிடுவாரோ என்று அஞ்சிய ஜிம், கைவிளக்கை அவர் முகத்தில் எறிகிறான். பிறகுதான் அவனுக்கு விளங்குகிறது: அம்மனிதரின் குழந்தை நோயுற்றுத் தாகத்தால் தவிக்கிறது. தன்னிடமிருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் அகல்கிறான். அத்தந்தையின் பெயரோ ஊரோ நமக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பிழைத்ததா என்பதும் தெரியாது. 800 பேருக்குமாக நாவல் ஒதுக்கிய பேச்சு ஏறத்தாழ அந்த ஒரு சொல்லே. கடல்நீரால் ஒளுச் செய்யலாம் என்பது மார்க்கச் சட்டம். அந்நீரால் ஒரு குழந்தையின் தாகம் தீராது. எத்தனை பெரிய துயரத்தின் வாசலில் ஆசிரியர் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்! ஆனால் உள்ளே அழைத்துச் செல்லாமல் திரும்பிவிடுகிறார்.

இனி நடந்த வரலாற்றைப் பார்ப்போம். இக்கதைக்கு மூலமானது ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல். அது 1880 ஜூலை 17 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கில் மேலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேற்கே சென்றது. கப்பலில் 900-க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் பெருங்காற்றில் சிக்கிக் கொதிகலன்கள் இருப்பிடம் பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்டு 8 அன்று, விடியுமுன் இருளில், தலைவர் கிளார்க்கும் அவர் மனைவியும் முதல் துணைவர் வில்லியம்சும் வேறு சிலரும் படகில் வெளியேறினர். ‘சிந்தியா’ என்ற கப்பல் அவர்களை ஏடனில் சேர்த்தது. ‘ஜித்தா’ பயணிகளோடு மூழ்கிவிட்டது என்று அவர்கள் அறிவித்தனர். மறுநாள், ஆகஸ்டு 11 அன்று, ‘ஆன்டினார்’ என்ற கப்பல் ‘ஜித்தா’வை இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகத்துள் நுழைந்தது. ஏடனில் நடந்த விசாரணை, தலைவரின் சான்றிதழை 3 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது.

நாவலையும் நடந்ததையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு வேறுபாடு கண்ணில் தைக்கிறது. உண்மையான கப்பலில் பயணிகள் உறங்கவில்லை. கப்பல் ஒழுகத் தொடங்கியது முதல் அவர்கள் நீர் இறைத்தனர். அதிகாரிகள் போனபின்பும் இறைத்தனர். ‘ஆன்டினார்’ வந்து சேரும்வரை கப்பல் மிதந்ததில் அவர்தம் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. கான்ராடோ புயலை நீக்கிக் கடலை அமைதியாக்கினார், இறைத்தவர்களை உறங்கவைத்தார். காரணம் விளங்குகிறது. புயல் வீசினால் ஜிம்முக்குச் சாக்குக் கிடைக்கும். பயணிகள் விழித்திருந்தால் அவர்கள் மீது பழி போட இடமுண்டு. ஏடனில் அதிகாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். பயணிகள் தங்களைக் கொல்லத் துணிந்தனர் என்று முறையிட்டார்கள். அந்தச் சாக்குகள் அனைத்தையும் அகற்றி, நம்பி உறங்குவோரை விட்டு ஓடிய குற்றத்தைத் தெளிவாகக் காட்ட விரும்பினார் ஆசிரியர். கலைஞன் என்ற முறையில் அது அவர் உரிமை. ஆனால் அத்தெளிவுக்கு விலை கொடுத்தவர்கள் பயணிகளே. அவர்கள் நம்பிக்கை நாவலில் நிற்கிறது, உழைப்பு அழிந்துவிட்டது.

இன்னொன்று. மோதலுக்கு முன், மேற்கே தாழ்ந்து ஒளிரும் இளம்பிறையை ஆசிரியர் மிக அழகாக வருணிக்கிறார். அப்பிறை அங்கே ஓர் அணி மட்டுமே. அதைப் பார்க்க ஒரு பயணியும் தலை தூக்குவதில்லை. நாட்கணக்கை ஒப்பிட்டால், ‘ஜித்தா’ கைவிடப்பட்ட அந்நாட்கள் ஹிஜ்ரி 1297-ஆம் ஆண்டின் ரமளான் பிறக்கும் நாட்களாக அமைகின்றன. முஸ்லிம் பயணிகள் நிறைந்த கப்பலில் அந்த மாலைகளில் மேற்கு வானை நோக்காத கண் இருந்திருக்குமா? பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆடும் தளத்தில், ஏறக்குறைய கப்பல் செல்லும் திசையே கிப்லாவாக அமைந்த அப்பயணத்தில், ஐந்து வேளையும் இத்தகைய கேள்விகள் எழுந்திருக்கும். கப்பல் நாட்களின் உயிர் அவற்றில்தான் இருந்தது. நாவலில் அந்த உயிர் இல்லை.

கடல் நாட்களைப் பயணியின் இடத்திலிருந்து எழுத முடியும் என்பதற்கு அரபு இலக்கியத்தில் பழைய சான்று உண்டு. 1184-ஆம் ஆண்டில் அக்கா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டார் கப்பலொன்றில் ஏறிய இப்னு ஜுபைர், 2,000-க்கும் மேற்பட்ட கிறித்தவ யாத்திரிகரோடு பயணம் செய்தார். அவர்தம் சமயத்தோடு அவருக்கு உடன்பாடு இல்லை. கடுஞ்சொற்களும் அவர் நூலில் உண்டு. ஆயினும் அவர்கள் மெழுகுவர்த்தி ஏந்திக் கொண்டாடிய திருநாளை எழுதினார். தளத்தில் விற்ற ரொட்டியையும் மாதுளையையும் எழுதினார். வழியில் இறந்து கடலில் விடப்பட்ட முஸ்லிம்களையும் கிறித்தவர்களையும் எழுதினார். அவரும் அவர்களுக்குப் பெயர் தரவில்லை. ஆனால் நாட்களைத் தந்தார். 700 ஆண்டுகளுக்குப்பின் எழுதிய கான்ராடிடம் நாம் தேடுவது அதைத்தான்.

‘நாவல் ஜிம்மைப் பற்றியது, பயணிகளைப் பற்றியதன்று’ என்று ஆய்வாளர் விடை கூறுவர். அவ்விடை நேர்மையானதே. ஆயினும் நாவலுக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அதிகாரிகள் ஓடியபின்பும் இரண்டு மலாய்ச் சுக்கானியர் சுக்கானை விடாது நிற்கின்றனர். விசாரணையில் அவர்களுள் முதியவர், வெள்ளையர் அச்சத்தால் கப்பலை விடுவார்கள் என்ற எண்ணமே தமக்கு எழவில்லை என்கிறார். சில வரிகளே பேசும் அம்முதியவர் முன், நூறு பக்கம் பேசும் ஜிம் சிறுத்துப்போகிறான். ஒரு சுக்கானியருக்குச் சில வரிகள் தந்தபோதே நாவல் இவ்வளவு உயர்கிறதென்றால், அத்தந்தைக்கு ஒரு பக்கம் தந்திருந்தால் ஜிம்மின் குற்றம் மங்கியிராது; இன்னும் கனத்திருக்கும்.

ஆகவே நம் பிள்ளைகள் இந்நாவலைப் படிக்கட்டும். அதன் அழகையும் போற்றட்டும். படிக்கும்போது, விளக்கடி பட்ட அத்தந்தையின் இடத்திலிருந்தும் ஒரு முறை அவ்விரவைப் பார்க்கட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-இல் நின்றுவிட்டது. அக்கப்பல்களில் நாட்களைக் கழித்தவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். மக்காவையும் மதீனாவையும் பற்றி அவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். இடைப்பட்ட கடல் நாட்களில் என்ன உண்டார்கள், எங்கே படுத்தார்கள், தண்ணீர் எப்படிக் கிடைத்தது, யார் மயங்கி விழுந்தார், யார் தாங்கிப் பிடித்தார் என்பதையும் கேட்டுப் பெயரோடு எழுதி வையுங்கள். பயணிகள் எழுதாத பயணத்தைக் கப்பலோட்டியவர்கள் எழுதுவார்கள். அதில் பயணிகள் உறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.