சந்திரனின் சரித்திர சங்கம்

ஆர். கே. நாராயண் 1937ல் வெளியிட்ட 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நாவலைப் படித்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆற்றங்கரையில் சந்திரன் கண்ட மாலதியைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜாதகம் பொருந்தாமல் கல்யாணம் தட்டிப்போனது, அவன் மனம் உடைந்து சென்னைக்கு ஓடியது, காவி கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஊர் ஊராய்த் திரிந்தது, வீடு திரும்பிப் பத்திரிகை ஏஜெண்டாகி சுசீலாவை மணந்தது, எல்லாம் நினைவில் நிற்கின்றன. எனக்கு என்னவோ, முதல் பாகத்தில் வருகிற சரித்திர சங்கத்தின் கதைதான் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் பெரிதாகப் படுகிறது. காதல் எந்த ஊரிலும் வரும். அந்தச் சங்கம் நம் காலேஜ்களில்தான் பிறக்க முடியும்.

சந்திரன் மால்குடியில் கடைசி வருஷ பி.ஏ. மாணவன். நாவல் தொடங்கும்போதே யூனியன் காரியதரிசி நடேசன் அவனைப் படிக்கட்டில் மடக்கிவிடுகிறான். விவாதத்துக்கு ஆள் வேண்டும். சரித்திரம் எழுதுகிறவர்களைத்தான் முதலில் வெட்டிப்போட வேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிகிற சந்திரனோ சரித்திர மாணவன்! எப்படியோ பேசிச் சமாளித்துவிடுகிறான். பிறகு ஒருநாள் சரித்திரப் பேராசிரியர் ராகவாச்சார் கூப்பிட்டனுப்புகிறார். சரித்திர சங்கம் ஒன்று ஆரம்பிக்கப் போகிறாராம்; அதற்கு அவன்தான் காரியதரிசியாம். மறுத்துச் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை.

இந்த இடத்தை வெறும் தமாஷ் என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் நாராயண் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! சங்கம் வேண்டும் என்று எந்த மாணவனும் கேட்கவில்லை. அங்கத்தினர்களுக்கு முன்பே காரியதரிசி நியமனமாகிவிட்டான். மேலேயிருந்து வந்த ஆசை அது. கீழே இருக்கிறவன் அதற்காக அலைய வேண்டும். படிப்பு ஒரு பக்கம் கிடக்க, கூட்டம், பேச்சாளர், தலைவர் என்று பையன் ஓடுகிறான். நானும் படிக்கும் நாளில் இப்படி ஒரு மன்றத்துக்குக் காரியதரிசியாக இருந்தவன்தான். பேச வந்த பெரியவரையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்த கூட்டத்தைக் குறிப்புப் புத்தகத்தில் 'திரளான கூட்டம்' என்று எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, சந்திரனின் அவஸ்தையை என்னால் முழு மனசோடு சிரித்துப் படிக்க முடிவதில்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு தடவை உயிர் வருகிறது. வீராசாமி என்ற மாணவன், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆதிக்கம் பரவுவதற்கு எவையெல்லாம் துணை செய்தன என்று ஒரு கட்டுரை படிக்கிறான். சரித்திரம் என்ற பெயரில் அவன் படிப்பது ஒரு குற்றப்பத்திரிகை. விளைவு என்ன? இனிமேல் சங்கத்தில் படிக்கப்போகும் கட்டுரைகள் முன்கூட்டியே தம் பார்வைக்கு வர வேண்டும் என்ற தோரணையில் ஆங்கிலேயப் பிரின்ஸிபால் பிரௌனிடமிருந்து ராகவாச்சாருக்கு ஒரு குறிப்பு வருகிறது. அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை, யாரையும் வெளியே அனுப்பவில்லை. வகுப்பில் எல்லோரையும் நடுங்க வைக்கிற ஆசிரியர் ஒரு துண்டுக் காகிதத்துக்கு முன்னால் எவ்வளவு சின்னவராகிவிடுகிறார் என்பதை ஆசிரியர் சொல்லாமலே விட்டுவிடுகிறார். குரலை உயர்த்தாமல் ஒரு சாம்ராஜ்யம் எப்படி நடந்தது என்பதை நாலைந்து வரியில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாவலாசிரியர்கள் அதிகம் பேர் இல்லை.

என் சண்டை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

வீராசாமி மறுபடியும் வருகிறான், ஆற்றங்கரையில். சந்திரன் மாலதியைப் பார்க்கத் தவித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் குறுக்கே வந்து, தேசத்துக்குப் புத்துயிர் கொடுக்கத் தான் ஆரம்பித்திருக்கும் படையைப் பற்றி அறுக்கிறான். வாசகனுக்கும் எரிச்சல் வருகிறது. இவன் எப்போது தொலைவான் என்று இருக்கிறது. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நாராயண் எழுதியிருக்கிறார். காதலிக்கிறவனின் கண்ணுக்கு அது உண்மைதான். ஆனால் சங்கத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை பேசிய பையனை நாவலாசிரியரும் அந்தக் கண்ணாலேயே பார்த்தால் எப்படி? நாராயண் மைசூர் மகாராஜா காலேஜில் பி.ஏ. முடித்தது 1930ல், காந்தி தண்டிக்கு நடந்த வருஷம் அது. வீராசாமிகளை அவர் அறியாதவர் அல்ல. அவனைக் கதாநாயகனாக்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். ராத்திரி எந்நேரம் ஆனாலும் விழித்திருக்கிற தாய் இருந்திருப்பாள். உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கும். சந்திரனுக்குக் காட்டிய பரிவில் கால்பங்கு காட்டியிருந்தால்கூட அவன் மனிதனாகியிருப்பான்.

எதிர்ப் பக்கத்துக்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 1965ல் மொழிப் போராட்டத்தில் காலேஜ் மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு எழுதப்பட்டது நா. பார்த்தசாரதியின் 'சத்திய வெள்ளம்'. மாணவர் தேர்தலும் போராட்டமும்தான் அங்கே கதை. வீராசாமி நிற்க வேண்டிய இடத்தில் பாண்டியன் நிற்கிறான். வேகம் இருக்கிறது, லட்சியம் இருக்கிறது. ஆனால் அவன் சலிக்காமல் சரியாகவே பேசிக்கொண்டிருக்கிறான். கூட்டத்துக்கு ஆள் சேராமல் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காரியதரிசியின் முகம் அவனுக்கு இல்லை. அந்த முகத்தை எழுத நாராயணால்தான் முடிந்தது. இரண்டையும் சேர்த்து எழுதியவர் யாரையும் நான் இன்னும் படிக்கவில்லை.

1974ல் வந்த 'மை டேஸ்' என்ற சுயசரிதையில் நாராயண் ஒரு சின்ன விஷயம் சொல்கிறார். பி.ஏ. முடித்ததும் இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கலாம் என்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு காலேஜ் மாடிப்படி ஏறியிருக்கிறார். பாதி வழியில் எதிர்ப்பட்ட நண்பர் ஒருவர், இலக்கியத்தின் மேல் இருக்கிற ஆசையைப் போக்கிக்கொள்ள அதைவிட நிச்சயமான வழி கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். நண்பருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாராயண் மேலே ஏறிப் போயிருந்தால், அங்கே யாராவது ஒரு ராகவாச்சார் இலக்கிய சங்கம் ஒன்றோடு காத்துக்கொண்டிருந்திருப்பார்.