இருபது நிமிஷ துரியோதனன்

ஆடி மாசம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வசூல் நோட்டை நீட்டுகிறார்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்? நூறு ரூபாயா, இருநூறா? அல்லது குழந்தையை அனுப்பி ‘அப்பா வீட்ல இல்ல’ என்று சொல்லச் சொல்கிற ரகமா? வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்... நான் ரொம்ப வருஷம் மூன்றாவது ரகம்தான். ஆவடிப் பக்கம் குடிவந்த புதிதில் ஆடி என்றாலே எனக்கு ஸ்பீக்கர் சத்தம், கூழ், தூக்கமில்லாத ராத்திரி. அவ்வளவுதான்.

அப்படி ஒரு தூக்கமில்லாத ராத்திரியில், சண்டை போடலாம் என்றுதான் கீழே இறங்கினேன். மணி பதினொன்று இருக்கும். தெருமுனையில் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. பெஞ்சில் நெருக்கியடித்துப் பெரியவர்கள், தரையில் கோணியை விரித்துப் பாதித் தூக்கத்தில் குழந்தைகள். ‘பதினெட்டாம் போர்’ நடக்கிறது. துரியோதனன் வரவேண்டும். வரவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வருகிறது, சலங்கை வருகிறது, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. ஆள் வரவில்லை. அரை மணி நேரம் சார்! சண்டை போட வந்தவன் அந்த அரை மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் திரை விலகி, தோளில் புஜகீர்த்தியும் முகத்தில் சிவப்புமாக அந்த மனுஷன் ஒரு சுற்று சுற்றி வந்தபோது, பக்கத்திலிருந்த பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். துரியோதனனுக்கு!

நடுவில் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைக்கில் அறிவிக்கிறான். “மூணாவது தெரு டெய்லர் கடைக்காரர், நம்ம மகாராஜாவைப் பாராட்டி அம்பது ரூபாய்!” மகாராஜா தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார். மறுபடி யுத்தம்.

நான் படித்தது பி.காம். கலையைப் பார்த்தாலும் புத்தி வரவு-செலவுக்குத்தான் போகும். அன்றைக்கு ராத்திரி அங்கே நின்று நான் யோசித்தது இதைத்தான்: இந்தக் கூத்துக்கு ஸ்பான்சர் யார்? வசூல் நோட்டில் இருக்கிற வீடுகள், டெய்லர் கடை, அரிசி மண்டி, போனால் போகிறதென்று ஒரு மனை புரோக்கர். அரசாங்கம் எங்கேயும் இல்லை. சுற்றுலாத் துறை சுத்தமாக இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு பொங்கல் விழா, பெரிய மேடை, நல்ல லைட், நல்ல சவுண்ட். அதே ‘பதினெட்டாம் போர்’. ஆனால் ஒதுக்கியது இருபது நிமிஷம். முன்னால் மயிலாட்டம், பின்னால் பொய்க்கால் குதிரை, நடுவில் குருக்ஷேத்திரம். திரைக்குப் பின்னால் துரியோதனன் பாட ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பி ஓடிவந்து கையால் சுற்றிக் காட்டினார். சீக்கிரம் முடிங்க! திரை விலகியது, மன்னர் ஒரு சுற்று சுற்றினார், கும்பிட்டார், போய்விட்டார். கூட்டம் நன்றாகவே கைதட்டியது. செல்போனில் படம் எடுத்தது. பாவம், அவர்களுக்குக் கூத்து பார்த்த திருப்தி. அவர்கள் பார்த்தது கூத்தின் டிரெய்லர்.

கூத்தை மேடையில் போட்டதையோ இலவசமாகப் போட்டதையோ நான் குறை சொல்லவில்லை. அந்த வடிவத்துக்கு நேரம்தான் மூச்சு. திரை விலகுவதற்காகக் காத்திருக்க வைப்பதில்தான் பாதிக் கலை இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் மிஞ்சுவது டிரஸ்தான்.

அதற்காக ‘சென்னை சங்கமம்’ மாதிரி முயற்சிகளை ஒரேயடியாக உதறவும் மனசு வரவில்லை. 2007 பிப்ரவரியில் தமிழ் மையமும் அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து அதை ஆரம்பித்தபோது, நாகேஸ்வர ராவ் பூங்காவில் வாக்கிங் போகிற மயிலாப்பூர் மாமாக்கள் பறையாட்டத்தை முதல்முறையாகப் பத்தடி தூரத்தில் பார்த்தார்கள். சாவு வீட்டோடு மட்டும் சேர்த்து வைத்திருந்த ஒரு வாத்தியம் பூங்காவுக்குள் வந்தது சின்ன விஷயமில்லை. மார்கழியில் சபாக்களின் உள்ளே நடப்பதுதான் கலை, மற்றதெல்லாம் ‘கிராமியம்’ என்றிருந்த ஊரில், அது ஒரு நல்ல அதிர்ச்சி.

ஆனால் 2011இல் ஆட்சி மாறியது. விழா நின்றது. மறுபடி 2023 பொங்கலுக்குத்தான், கலை பண்பாட்டுத் துறையின் பெயரில், ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற வாலோடு திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம்! பஞ்ச பாண்டவர்கள் வனவாசம் போனதும் பன்னிரண்டு வருஷம்தான். 2007இல் பத்து வயசுப் பையனாக அப்பாவோடு வேஷம் கட்டியவன், 2023இல் இருபத்தாறு வயசு ஆள். அந்த வயசுக்குள் அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருப்பான். திரும்பிக் கூப்பிட்டால் வருவானா?

இங்கேதான் என் பி.காம். புத்தி முழித்துக்கொள்கிறது. விழாவுக்குக் காசு கொடுப்பது வேறு, கலைக்குக் காசு கொடுப்பது வேறு. முதலாவது செலவு, இரண்டாவது முதலீடு. விழாவுக்குக் கொடுக்கிற பணத்தில் பந்தல், ஜெனரேட்டர், லைட், ஃப்ளெக்ஸ் எல்லாம் போக ஆட்டக்காரருக்கு நாலு நாள் சம்பளம். அது நல்ல சம்பளமாகவே இருக்கட்டும். மிச்சம் முந்நூற்று அறுபத்தொரு நாள்? வட மாவட்டங்களில் கூத்துக்கு சீஸன் உண்டு. கோடையிலிருந்து ஆடி வரை பாரதம், தீமிதி என்று ஊர் ஊராக ஓட்டம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஜமாவில் பாதிப் பேர் கொத்து வேலைக்கும் மற்ற கூலி வேலைக்கும் போய்விடுவார்கள். கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்ட, மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற, நாலு பையன்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க... இதற்கு எந்த விழாக் கமிட்டியும் காசு தராது. ஏனென்றால் அதை மேடையேற்றி ரிப்பன் வெட்ட முடியாது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அங்கே ஓட்டலில் ரூம் எடுக்கிற வெளியூர்க்காரரிடம் வரி வாங்குகிறார்கள். 1961லிருந்து அந்த வரியில் ஒரு பகுதி, நகரத்தின் கலைக் குழுக்களுக்கு மானியமாகப் போகிறது. விசேஷம் என்னவென்றால், ‘இந்த ஷோவுக்கு இவ்வளவு’ என்று மட்டும் கொடுப்பதில்லை. குழுவின் வாடகை, சம்பளம், கரண்ட் பில் என்று அன்றாட ஓட்டத்துக்கே கொடுக்கிறார்கள். பெரிய ஓபராவும் வாங்குகிறது, சீனர்களின் புத்தாண்டு ஊர்வலமும் வாங்குகிறது. நடுவில் அந்தப் பணம் வேறு பக்கம் போக ஆரம்பித்ததும், 2018இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, வரியில் இத்தனை பங்கு கலைக்குத்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஊரைப் பார்க்க வருகிறவன் காசு, ஊரைப் பார்க்கும்படி வைத்திருக்கிறவனுக்கு. கணக்கு நேராக இருக்கிறது, இல்லையா?

நம்மிடமும் அப்படி ஒரு வரி இருந்தது. 1981 சட்டப்படி ஓட்டல் அறைகளுக்கு ஆடம்பர வரி. அது கஜானாவின் பெரிய வாயில் போய் விழும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதையும் விழுங்கிவிட்டது. இன்றைக்கு அறை வாடகையில் மாநிலத்தின் பங்கு வருகிறது. ஆனால் எந்த ரூபாய் எங்கே போகிறதென்று அடையாளம் வைக்க முடியாது. சினிமா டிக்கெட் கதை இன்னும் சுவாரஸ்யம். அதே 2017இல் ஜி.எஸ்.டி.க்கு மேல் கேளிக்கை வரி போடுகிற அதிகாரம் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்து, தியேட்டர்காரர்கள் கோபித்துக்கொண்டு சில நாள் ஷட்டரை இறக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த வரி மாநகராட்சியின் பொதுக் கணக்குக்குப் போகிறது. நம் கேளிக்கைக்கு வாங்கிய வரியில் ஒரு பைசாவாவது இன்னொரு கேளிக்கைக்குப் போகட்டுமே!

‘அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு எந்த டூரிஸ்ட் சார் வர்றான்?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறேன் என்று வேண்டிக்கொண்ட கூட்டம். அங்கிருந்து திருவேற்காடு கருமாரி, திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர், பூந்தமல்லி வரதராஜர். வேன் வேனாக வருகிறார்கள். உள்நாட்டுப் பயணிகள் வருகையில் 2014 தொடங்கிச் சில வருஷம் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம் என்று பெருமைப்பட்டோமே, அந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்தியது ஐந்து நட்சத்திர ஓட்டல் கூட்டமா, கோயில் கூட்டமா? பேன்ட் போட்டு வந்தால் டூரிஸ்ட், மஞ்சள் புடவையில் வந்தால் பக்தை!

இதில் ஒரு வேடிக்கை. கோட்டையில் இதற்கெல்லாம் ஒரே துறைதான். பெயரே ‘சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை’. கோயில், கலை, பயணி மூன்றும் ஒரே செயலாளரின் மேஜையில். திருவேற்காட்டுக்கு வருகிறவரை, ராத்திரி தங்கி ஒரு முழுக் கூத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்ல அந்த மேஜையிலிருந்து ஒரே ஒரு கையெழுத்து போதும். ஆனால் பயணிக்கு மாமல்லபுரத்தில் நாட்டிய விழா, தீவுத்திடலில் பொருட்காட்சி, 2025 ஜனவரியில் திருவிடந்தையில் பலூன் என்று எல்லாம் கடற்கரை ஓரமாகவே நடக்கிறது. ஆவடி 2019இல் மாநகராட்சியாகிவிட்டது, 2022இல் போலீஸ் கமிஷனரும் வந்துவிட்டார். கலைக்கு மட்டும் இன்னும் வசூல் நோட்டு.

வசூல் நோட்டே போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஆரம்பித்த விழா, கம்பெனி ஸ்பான்சரே வேண்டாமென்று ஜனங்களிடம் கை நீட்டித்தான் நடந்தது. எனக்கு அந்த வைராக்கியம் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு கிருஷ்ணா வேண்டியிருக்கிறது. எங்கள் தெரு துரியோதனனுக்கு டெய்லர் கடைக்காரர்தான் இருக்கிறார். அவரும் ரெடிமேட் வந்தபிறகு கடையைப் பாதியாகச் சுருக்கிவிட்டார். வாடகைக்கு வந்து பதினோரு மாசத்தில் காலி செய்கிற வீடுகள் பெருகிவிட்ட தெருவில், வசூல் நோட்டின் பக்கங்களும் மெலிகின்றன.

சரி, என்னிடம் கேட்டால்? விழாவை நிறுத்த வேண்டாம். பதினெட்டு மேடையில் இருபது நிமிஷம் என்பதற்குப் பதில், ஒரே ஒரு மேடையையாவது ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை வரை ஒரே ஜமாவிடம் ஒப்படையுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், நிச்சயம். இன்னொன்று, மழைக்கால மானியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசம், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஜமாவுக்கு மட்டும். ஆட்சி மாறினாலும் நிற்காதபடி சட்டத்தில் எழுதி வையுங்கள்.

போன ஆடியில் கதவு தட்டியபோது நானே போய்த் திறந்தேன். ஐநூறு ரூபாய் கொடுத்து, இந்த வருஷமும் ‘பதினெட்டாம் போர்’தானே என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த தம்பி தலையைச் சொறிந்தான். “இல்ல சார்... அந்த வாத்தியாருக்கு முழங்கால் வலியாம். பையன் கம்பெனிக்குப் போறான், லீவு கிடைக்கலையாம். இந்த வாட்டி லைட் மியூசிக் போட்டிருக்கோம். மைக்ல உங்க பேரு என்னன்னு சொல்லட்டும் சார்?”